லயம் தவறாத ஹாஸ்யம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சாஸ்திரீய சங்கீதத்தைக் குறித்து ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேசவைக்கும் இம்மேடையில், முயலும் வாத்தும் பூனையும் எலியும் நடிக்கின்ற ஏழு நிமிஷக் கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன் என்று நான் எழுதியபோது அமைப்பாளர்கள் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆயினும் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன், தலைப்பில் எழுத்துப் பிழை ஏதும் இல்லையே என்று ஒருமுறை விசாரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தயக்கம் நியாயமானதே. 1930 முதல் 1960 வரையிலான காலத்தில் அமெரிக்காவின் ஹாலிவுட்டில், வார்னர் சகோதரர்கள், எம்.ஜி.எம்., டிஸ்னி முதலிய நிறுவனங்கள் தயாரித்த இந்தச் சிறு படங்கள், பிரதான படம் தொடங்குவதற்கு முன் கொட்டகையில் கூட்டத்தைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பதற்காகவே உண்டானவை. அவற்றில் மேல்நாட்டுச் சங்கீத மேதைகளாகிய லிஸ்ட்டும் ரொஸ்ஸீனியும் வாக்னரும் வந்தார்கள் என்றால், கோமாளியின் தலையில் கிரீடத்தை வைத்துப் பார்க்கும் ஆசையினால்தான் வந்தார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள்.

என்னுடைய கட்சி வேறு. அப்படங்களில் பரிகாசத்துக்கு உள்ளானவை கச்சேரி மண்டபத்தின் ஆசாரங்களும், அங்கி அணிந்த வித்வானின் தோரணையும், இருமுவதற்கும் அஞ்சி உட்கார்ந்திருக்கும் சபையின் பயபக்தியுமே ஒழிய, சங்கீதம் அன்று. சங்கீதத்துக்கு இப்படங்கள் கீழ்ப்படிந்தன. மிகக் கடுமையான, ஒரு மாத்திரையும் பிசகாத கீழ்ப்படிதலாக அது இருந்தது. அந்தக் கீழ்ப்படிதலே சிரிப்புக்கும் ஊற்றாயிற்று. இதை நிரூபிக்க நான்கைந்து படங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டைச் சற்று நெருங்கியே பார்ப்போம்.

கதை மௌனப் படக் காலத்தில் தொடங்குகிறது. 1891-ஆம் ஆண்டில் மிஸௌரி மாகாணத்து லெக்ஸிங்டன் என்னும் ஊரில் பிறந்த கார்ல் ஸ்டாலிங், கான்ஸஸ் ஸிட்டி நகரத்துக் கொட்டகைகளில், திரையில் ஓடும் படத்தைப் பார்த்தபடியே ஆர்கன் வாசித்து ஜீவனம் நடத்தியவர். புயல் அடித்தால் ஒரு மெட்டு, காதலர் பிரிந்தால் ஒரு மெட்டு, திருடனைத் துரத்தினால் ஒரு மெட்டு என்று கணத்தில் மாறி வாசிக்கவேண்டிய இத்தொழிலுக்கு உதவியாக, எர்னோ ராப்பே என்பவர் 1924-இல் ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டார். அதன் ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் உணர்ச்சிகளின் அட்டவணை அச்சிடப்பட்டிருந்தபடியால், வாத்தியக்காரர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் வேண்டிய பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். கிரீக், மெண்டல்ஸன் போன்ற மகான்களின் சாஹித்தியங்கள் அவ்வாறு துண்டு துண்டாகக் கொட்டகைக்குள் நுழைந்து, அவர்களுடைய பெயரையே கேட்டறியாத ஜனங்களின் காதிலும் ஏறிவிட்டன. பதிப்புரிமைக் காலம் கழிந்துபோன பழைய சங்கீதத்துக்கு யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை என்ற லௌகிகக் காரணமும் இதற்குத் துணை செய்தது. ஆகவே, கார்ட்டூன்காரர்கள் சாஸ்திரீய சங்கீதத்தைக் கோயிலிலிருந்து கவர்ந்து வந்தார்கள் என்று சொல்லுவது சரியன்று. அது முன்னமே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

கான்ஸஸ் ஸிட்டியில் பழக்கமாயிருந்த வால்ட் டிஸ்னி, 1928-இல் பேசும் கார்ட்டூன்களைத் தொடங்கியபோது ஸ்டாலிங்கை வரவழைத்துக்கொண்டார். படத்துக்கேற்பச் சங்கீதம் வளையவேண்டும் என்பது டிஸ்னியின் பக்ஷம். சங்கீதத்தை முதலில் அமைத்துக்கொண்டு அதற்கேற்பச் சித்திரங்களை ஆடவைக்கவேண்டும் என்பது ஸ்டாலிங்கின் பக்ஷம். மிக்கி மௌஸ் படங்களில் முன்னவர் சொற்படியும், 'ஸில்லி ஸிம்பொனி' என்ற புதிய வரிசையில் பின்னவர் சொற்படியும் நடப்பதென்று இருவரும் சமாதானமானார்கள். 1929-இல் வந்த 'எலும்புக்கூடுகளின் நடனம்' அவ்வரிசையின் முதற்படம். அதிலே கிரீக்கின் மெட்டொன்றுக்கு நான்கு எலும்புக்கூடுகள் மயானத்தில் ஆடுகின்றன.

இங்கே தொழில் நுட்பத்தைச் சற்று விளக்கவேண்டும்; ஏனெனில் என் வாதத்தின் அஸ்திவாரம் அதுதான். பேசும் படத்தில் ஃபிலிம் விநாடிக்கு 24 பிரேம் என்ற மாறாத கதியில் ஓடுகிறது. பன்னிரண்டு பிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 120 தட்டு. பத்துப் பிரேமுக்கு ஒன்றெனில் 144. எட்டுக்கு ஒன்றெனில் 180. சித்திரக்காரருக்கு இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால், ஒரு முயல் எந்தப் பிரேமில் காலைத் தரையில் ஊன்றவேண்டும் என்பதை, ஒரு ஸ்வரமும் காதில் விழாமலே, காகிதத்தில் கட்டம் போட்டு நிர்ணயித்துவிடலாம். ஒலிப்பதிவின்போது வாத்தியக்காரர்களின் காதில் அதே கணக்குப்படி 'டிக், டிக்' என்ற ஓசை ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ்டாலிங்கும் டிஸ்னி கூடத்தாரும் வழக்கத்துக்குக் கொண்டுவந்த உபாயம் இது. காலப்பிரமாணத்தை இவ்வளவு நிஷ்டூரமாகக் காத்த கலை இன்னொன்று உண்டா என்பது சந்தேகமே. நம் சபைகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்துபோகிறவர்களை உட்காரவைக்க ஏதேனும் உபாயம் இருக்குமானால், அது இந்த முயலிடத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு சபலம் உண்டு.

இனிப் படங்களுக்கு வருவோம். 1935-இல் டிஸ்னி வெளியிட்ட 'பாண்டு கச்சேரி', மிக்கி மௌஸை வர்ணத்தில் பொதுமக்களுக்குக் காட்டிய முதற்படம். அளவுக்கு மீறிய அங்கியை அணிந்து, கைமேலே சரிந்து விழும் சட்டைக் கைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே, பூங்கா மேடையில் மிக்கி 'வில்லியம் டெல்' என்னும் ரொஸ்ஸீனியின் இசை நாடகத்துக்குரிய முகவுரை இசையை நடத்துகிறது. தின்பண்டம் விற்க வந்த டொனால்ட் வாத்து, ஒரு குழலை எடுத்து நாட்டுப்புற மெட்டொன்றை ஊதுகிறது. அந்த மெட்டு தாளத்திலே சரியாகப் பொருந்திவிடுகிறபடியால், பாண்டுக்காரர்கள் தம்மையறியாமலே அதற்கு இழுத்துச் செல்லப்படுகிறார்கள். தாளம் பொருந்தாமல் அபஸ்வரமாக ஊதியிருந்தால் அது வெறும் குறும்பாயிருக்கும், பொருந்திவிட்டதனால்தான் ஆபத்தாகிறது. பிறகு அம்முகவுரையின் புயல் பகுதி வருகிறது; வரவே, உண்மையான சுழற்காற்றொன்றும் வந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள். மேடை பெயர்கிறது, வீடு பெயர்கிறது, வித்வான்கள் ஆகாயத்திலே சுழல்கிறார்கள். ஆனால் ஒருவராவது வாசிப்பதை நிறுத்தவில்லை. மரக்கிளைகளில் தொங்கியபடியே கடைசி ஸ்வரம் வரையில் வாசித்து முடிக்கிறார்கள். உலகம் நிலைகுலைந்தாலும் கச்சேரி நிலைகுலையாது என்ற இந்த அபத்தமான விசுவாசத்தைப் பரிகாசம் என்று ஒருவர் சொல்லட்டும். சங்கீதக்காரர் எவரும் அதைத் தமக்குச் செய்த மரியாதை என்றே எடுத்துக்கொள்வர்.

அதே ரொஸ்ஸீனியை 1950-இல் சக் ஜோன்ஸ் என்னும் டைரக்டர், 'ஸெவில் நகரத்து முயல்' என்ற படத்தில் கையாண்ட விதம் இன்னும் நுட்பமானது. 1816-இல் ரோம் நகரத்தில் அரங்கேறிய 'ஸெவில் நகரத்து நாவிதன்' என்ற இசை நாடகத்தின் முகவுரை இசை, உண்மையில் அந்த நாடகத்துக்காக உண்டானதன்று. 1813-இல் மிலானில் பல்மைரா நாட்டுக் கதையொன்றுக்கு எழுதி, 1815-இல் நேப்பிள்ஸ் நகரத்தில் இங்கிலாந்து ராணி எலிஸபெத்தின் கதைக்கு மறுபடி உபயோகித்து, மூன்றாம் முறையாக நாவிதன் தலையில் கட்டிய சரக்கு அது. ரொஸ்ஸீனிக்கு அவசரம் அதிகம், சங்கோசம் குறைவு. ஆகவே, அந்த இசையிலே கத்தியும் சோப்பு நுரையும் சவரக்கடையும் ஒருநாளும் இருந்ததில்லை. நூற்றுமுப்பது வருஷங்களுக்குப் பிறகு, அதற்குள் வார்னர் கூடத்துக்கு வந்துவிட்டிருந்த ஸ்டாலிங்கும் ஜோன்ஸும்தான் அதற்கொரு சவரக்கடை வைத்துக் கொடுத்தார்கள்.

வேட்டைக்கார எல்மர் துரத்திவர, பக்ஸ் பன்னி என்னும் முயல் திறந்தவெளி அரங்கொன்றின் மேடைக்குள் புகுகிறது. திரை உயர்கிறது, ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கிவிடுகிறது, இனி இருவருக்கும் தப்ப வழியில்லை. எல்மரை நாற்காலியில் உட்காரவைத்து அவனுடைய வழுக்கைத் தலையை முயல் பிசையத் தொடங்கும் காட்சியைக் கவனியுங்கள். வயலின்கள் விரைந்து ஸ்வரங்களைப் பொழியும்போது கைகள் பிசைகின்றன. சங்கீதம் கனத்ததும் கால்கள் ஏறி மிதிக்கின்றன. அதன்பின் தலையின்மேல் பழங்களும் பாலேடும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொன்றாக, ஒரு நைவேத்தியம்போல் அடுக்கப்படுகின்றன. ரொஸ்ஸீனியின் பிரசித்தமான உத்தி, ஒரு சிறு சொற்கட்டை மெல்லத் தொடங்கி, மறுபடி மறுபடி சொல்லி, வாத்தியங்களைக் கூட்டிக்கொண்டே போய்ப் பேரோசையாக்கி முடிப்பது. அதற்கு இணையாகப் படத்திலும் ஒருவர்மேல் ஒருவர் கோடாரி, துப்பாக்கி, பீரங்கி என்று ஆயுதங்களைப் பெருக்கிக்கொண்டே போகிறார்கள். பீரங்கிக்கு மேல் என்ன வரமுடியும் என்று நாம் எண்ணும் தறுவாயில் பூச்செண்டு வருகிறது, மோதிரம் வருகிறது, கலியாணமே நடந்துவிடுகிறது. முடிவில் எல்மர் உயரத்திலிருந்து விழுவது ஒரு கலியாணக் கேக்கின்மேல். அதில் எழுதியிருப்பது 'ஃபிகாரோவின் திருமணம்'. ஸெவில் நாவிதனின் கதைக்குத் தொடர்ச்சியான அதை மொஸார்ட் முப்பது வருஷம் முந்தியே இசை நாடகமாக்கிவிட்டார் என்பது தெரிந்தவர் ஒருமுறை கூடுதலாகச் சிரிக்கலாம். தெரியாதவருக்கும் குறையொன்றும் இல்லை.

அடுத்து வருவது ஒரு வழக்கு. 1946 நவம்பரில் வார்னர் நிறுவனம் 'ராப்ஸொடி ராபிட்' என்ற படத்தை வெளியிட்டது. ஃப்ரிஸ் ஃப்ரீலிங் டைரக்டர். 1947 ஏப்ரலில் எம்.ஜி.எம். நிறுவனம் டாம் என்ற பூனையும் ஜெர்ரி என்ற எலியும் நடித்த 'காட் கன்ஸர்ட்டோ' என்ற படத்தை வெளியிட்டது. ஹன்னாவும் பார்பெராவும் டைரக்டர்கள். இரண்டிலும் அங்கி அணிந்த ஒரு பிராணி பியானோவின் முன் அமர்கிறது. இரண்டிலும் அது வாசிப்பது லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்ஸொடி. இரண்டிலும் பியானோவுக்குள்ளிருந்து ஓர் எலி கிளம்பி வாசிப்பைக் குலைக்கிறது. எம்.ஜி.எம். படத்துக்கு 1946-க்குரிய ஆஸ்கார் பரிசு கிடைத்தது. எங்கள் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று ஒவ்வொரு தரப்பாரும் மறு தரப்பாரைக் குறை கூறினார்கள், வழக்குத் தீரவேயில்லை.

அதற்குத் தீர்ப்புச் சொல்லுவதற்கு நான் வரவில்லை. ஆனால் விசாரணைக் கூண்டில் நிறுத்தவேண்டிய மூன்றாம் ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவர் 1886-லேயே காலமாகிவிட்ட லிஸ்ட். 1847-இல் இயற்றப்பட்டு 1851-இல் அச்சேறிய அந்த ராப்ஸொடி இரண்டு பகுதிகளால் ஆனது. 'லாஷான்' என்ற முதற்பகுதி, விளம்ப காலத்தில், புருவத்தை உயர்த்திக்கொண்டு, ஏதோ மஹத்தான சோகத்தைச் சொல்லப்போவதுபோல் நடக்கிறது. 'ஃபிரிஷ்கா' என்ற பிற்பகுதி ஒரு சிறு நடனமாகத் தொடங்கி, வேகம் ஏறி ஏறி, விரல்கள் கண்ணுக்குப் புலப்படாத துரிதத்தில் போய் முடிகிறது. முடிந்துவிட்டது என்று எண்ணும் இடத்தில் சட்டென்று நின்று, மறுபடி கிளம்பும் குறும்பும் அதற்குண்டு. இந்தச் சாஹித்தியத்தைக் கேட்டு அதன் சொற்படியே ஒரு ஹாஸ்யக் கதையைக் கட்டப் புகுந்த எவருக்கும், முதலில் பெருமிதமும், பிறகு தொல்லையும், பிறகு துரத்தலும், கடைசியில் மூர்ச்சையும் தவிர வேறென்ன கிடைக்கும்? பியானோவுக்குள் சுத்தியல்கள் எழும்பி விழுகின்றன. அவற்றின்மேல் ஒரு சிறு பிராணியை உறங்கவைக்கவேண்டும் என்று எந்த ஹாஸ்யக்காரனுக்குத் தோன்றாது? லிஸ்ட்டே மேடையில் பெரிய நடிகர். தனி ஒருவர் பியானோவோடு சபையை ஆளும் கச்சேரி முறையை நிலைநாட்டியவரும் அவர்தான். பாரிஸ் நகரத்து ஜனங்கள் அவர்மேல் கொண்ட வெறிக்கு 1844-இல் கவிஞர் ஹைனே ஒரு நோயின் பெயரைப்போலவே பெயர் வைத்தார். டாம் பூனை வால் அங்கியைச் சரிசெய்துகொண்டு, பாதி மூடிய கண்களோடு பியானோவின்முன் அமரும்போது, நாம் பார்ப்பது அந்தப் பரம்பரையின் கடைசி வாரிசைத்தான்.

'காட் கன்ஸர்ட்டோ'வில் வசனமே கிடையாது. எலி பியானோவின் கட்டைகளுக்கு நடுவே எலிப்பொறியை வைக்கிறது, டாமின் விரல் மாட்டிக்கொள்கிறது, சங்கீதம் நிற்பதில்லை. மூடியால் விரல்களை நசுக்குகிறது, நிற்பதில்லை. எலியைத் துரத்தக் கைகள் தேவைப்பட்டபோது டாம் காலால் வாசிக்கிறது. ஒருமுறை மாத்திரம் ஜெர்ரி அக்காலத்து ஜனரஞ்சகப் பாட்டொன்றுக்கு மெட்டை மாற்றிவிடுகிறது. டாமும் தன்னை மறந்து அதோடு போய்விட்டுப் பின்பு பதறித் திரும்புகிறது. கவனியுங்கள்: பூனையின் உண்மையான பகைவன் எலியன்று, சபை முன்னிலையில் பாதியில் நிறுத்தக்கூடாது என்ற விதிதான். அவ்விதி இல்லாவிட்டால் பூனை எலியைப் பிடித்து ஒரு நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடும். வார்னர் படத்திலோ, சபையில் ஒருவர் இருமுகிறார். பக்ஸ் பன்னி துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டுவிட்டு வாசிப்பைத் தொடர்கிறது. அநேக வித்வான்களின் மனத்திலிருந்ததை ஒரு முயல் செய்துகாட்டிவிட்டது என்பதற்கு மேல் அதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

அந்த வார்னர் படத்தின் பியானோ ஒலிக்குரியவர் யாக்கோப் கிம்பெல். 1906-இல் லுவோவ் நகரத்தில் பிறந்து, ஐரோப்பா யூதர்களுக்கு வாழத் தகாத பூமியானபோது அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கச்சேரி மேடையில் மதிக்கப்பட்ட மெய்யான வித்வான். பிற்பாடு எம்.ஜி.எம்.முக்காக வியென்னா நகரத்து வால்ட்ஸ் மெட்டுகளைக் கொண்டு 'யோஹன் மௌஸ்' என்ற படத்துக்கும் அவர் வாசித்தார். அதுவும் ஆஸ்கார் பெற்றது. கேலிக்காக வாசிக்கிறோம் என்று விரல்களைத் தளரவிடுகிற மனிதராக அவர் இருந்திருந்தால் இப்படங்கள் இரண்டும் நின்றிருக்கமாட்டா. எம்.ஜி.எம்.மின் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லியோ ஒருபடி மேலே போய், 1944-இல் வந்த டாம்-ஜெர்ரி படமொன்றில் ஷென்பெர்க்கின் பன்னிரு ஸ்வர முறையையே கையாண்டார். நவீன சங்கீதத்தைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கும் கூட்டம், எலி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிற்று.

ஆசாரங்களைப் பரிகசிப்பதில் தலைசிறந்ததாக நான் கருதுவது 1949-இல் சக் ஜோன்ஸ் எடுத்த 'லாங்-ஹேர்ட் ஹேர்'. தன் அப்பியாசத்துக்கு இடைஞ்சல் என்று பக்ஸ் பன்னியின் பாஞ்சோவை உடைத்துப்போட்ட ஒரு பாடகனைப் பழிவாங்க, அது திறந்தவெளி அரங்குக்கு வருகிறது. நரைத்த சிகையோடு வரும் அதைக் கண்டதும் ஆர்க்கெஸ்ட்ராவிலே ஒருவர் காதில் ஒருவர் 'லியோபோல்ட்!' என்று கிசுகிசுக்கிறார்கள். கோலைத் தவிர்த்து வெறுங்கைகளாலேயே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய லியோபோல்ட் ஸ்டொகாஃப்ஸ்கியின் பெயர் அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தெரியும். முயல் கோலை முறித்து எறிகிறது. பாடகனை உச்ச ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தில் நிறுத்துகிறது. உயர்த்திய கையுறையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. கையுறை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பாடகனின் முகம் சிவந்து நீலம் பாரிக்கிறது. ஆனால் கையுறை இறங்கவில்லை, ஆகவே அவனும் நிறுத்தவில்லை. தபாலில் வந்துசேர்ந்த காதடைப்பைப் போட்டுக்கொண்டு முயல் திரும்பிவரும் வரையில் அந்த ஸ்வரம் நீடிக்கிறது. இசை நடத்துநரின் அதிகாரம் எவ்வளவு தூரம் வெறும் கையுறையில் இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதலாம். ஜோன்ஸுக்குச் சில விநாடிகள் போதுமாயிருந்தன.

வாக்னரை விட்டுவிட்டால் சபையார் மன்னிக்கமாட்டார்கள். 1957-இல் வெளிவந்த 'வாட்ஸ் ஆப்பெரா, டாக்?' படத்தை, 'நிபெலுங்கின் மோதிர'த்தை ஏழு நிமிஷத்தில் அடைத்தது என்று வழக்கமாகச் சொல்லுவார்கள். நான்கு இரவுகளில் சுமார் பதினைந்து மணி நேரம் நடக்கும் அந்த நாடக வரிசை மட்டும் அன்று, 'பறக்கும் டச்சுக்காரன்', 'டான்ஹாய்ஸர்' முதலியவையும் அதில் கலந்திருக்கின்றன. இணைத்துக் கோத்தவர் மில்ட் ஃபிராங்க்லின். மலையுச்சியில் மின்னலை ஏவும் ஒரு பிரம்மாண்ட நிழலோடு படம் தொடங்கி, கண் இறங்கிவர, அந்நிழலுக்குரியவன் குட்டை எல்மர் என்று தெரிகிறது. முயல் பொற்சடையோடு, பருத்த வெள்ளைக் குதிரையின்மேல் வாக்னரின் நாயகி ப்ருன்ஹில்டாவாக இறங்கிவருகிறது. இந்த யோசனை புதியதன்று; 1945-இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், இதே கதாசிரியர் மைக்கேல் மால்டீஸ் எழுதிய படமொன்றில், முயல் இவ்வேஷத்தில் வந்து மயக்கியது நாஜி ஜெர்மனியின் தளபதி கோரிங்கை. பன்னிரண்டு வருஷத்தில் அரசியல் உதிர்ந்துபோய்ச் சங்கீதம் நின்றது. டான்ஹாய்ஸரில் பாவமன்னிப்பை நாடி ரோமாபுரி போகும் யாத்திரீகர்களின் மெட்டுக்கு, இங்கே வேட்டைக்காரனும் முயலும் காதல் டூயட் பாடுகிறார்கள்; பொருத்தமற்ற இந்தப் பொருத்தத்தில் நெஞ்சு சற்றுக் கரையவும் செய்கிறது என்பதே அதன் அதிசயம். ஒரு கார்ட்டூனுக்கு அனுமதித்த காலம் ஐந்து வாரம். இதற்கோ ஏழு வாரம் பிடித்தது என்றும், கூடுதல் வாரங்களை வேறொரு படத்தின் கணக்கில் எழுதிவைத்தோம் என்றும் ஜோன்ஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1992-இல் அமெரிக்க நாட்டுத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

வார்னர் கூடத்தில் ஸ்டாலிங்குக்கு வாய்த்தது ஏறக்குறைய ஐம்பது பேர் கொண்ட முழு ஆர்க்கெஸ்ட்ரா. பெரிய படங்களுக்கென்று சம்பளத்தில் இருந்தவர்களைக் கார்ட்டூனுக்கும் உட்காரவைத்தார்கள். அதைக் கொண்டு அவர் இருபத்திரண்டு வருஷத்தில் சுமார் 600 படங்களுக்கு இசை அமைத்துவிட்டு 1958-இல் ஓய்வு பெற்றார். எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் கூடத்தை அதற்கு முந்திய வருஷமே மூடிவிட்டது. தொலைக்காட்சிக்காகத் தயாரான மலிவுப் படங்களுக்கு, பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டுகிற பழைய ஒலிப்பதிவு போதுமென்றாயிற்று.

1990 முதல் ஜார்ஜ் டாஹர்ட்டி என்னும் இசை நடத்துநர், இந்தப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, அவற்றின் சங்கீதத்தை மேடையில் முழு ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு வாசிக்கச் செய்யும் கச்சேரிகளை நடத்தி வந்திருக்கிறார். நல்ல வித்வான்களுக்கும் அது கடினமான உத்தியோகம். ஒரு சொற்கட்டு அழகாக விழுந்துவிட்டது என்று ஒரு கணம் அதில் நின்று அனுபவிக்க இடமில்லை. நடத்துநர் கையை நீட்டிப் பிடித்துப் பயனில்லை. எல்மரின் தலைமேல் அடுத்த பழம் விழவேண்டிய பிரேம் வந்துவிடுகிறது.